லோட்டே ரைனிகரின் நிழலுருப் படங்கள்: மூன்று வட்டுகள், ஒரு மதிப்புரை

ஜெர்மன் நிழலுருக் கலைஞர் லோட்டே ரைனிகர் இயக்கிய 'இளவரசர் அஹமதின் சாகசங்கள்' என்ற முழுநீள அசைவூட்டப் படத்தின் செப்பனிடப்பட்ட பதிப்பையும், அவருடைய தேவதைக் கதைக் குறும்படங்களைத் திரட்டி பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2008-இல் வெளியிட்ட இரட்டை வட்டுத் தொகுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, இரண்டு வாரங்கள் இரவு உணவுக்குப் பிறகு சிறிது சிறிதாகப் பார்த்து முடித்தேன். ரைனிகரைப் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ எங்கு படித்தாலும் முதல் வரியிலேயே ஒரு செய்தி வந்துவிடும்: டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வெளிவந்த 1937-க்குப் பதினோராண்டுகள் முன்னரே, 1926-இல், ஒரு பெண் முழுநீள அசைவூட்டப் படம் எடுத்துவிட்டார் என்பதே அது. செய்தி உண்மைதான். அதற்கும் முன்பு, 1917-இல், அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி எடுத்த முழுநீளப் படம் அழிந்துபோய்விட்டதால், இன்று நம் கைக்குக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது இதுவே. ஆனால் இந்த வட்டுகளைப் பார்த்தபின், 'டிஸ்னிக்கு முன்' என்ற அந்தப் பட்டம் அவருக்குக் கொஞ்சம் சிறியதாகவே எனக்குப் படுகிறது. யார் முந்தினார் என்பது ஆண்டுக் கணக்கு; கருப்பு அட்டையில் வெட்டிய ஓர் உருவத்தைத் தலை குனியவைத்தே அதன் வெட்கத்தைக் காட்டிவிடுவது வேறு வகையான கெட்டிக்காரத்தனம். வட்டு என்ற சாதனம், விரும்பிய இடத்தில் நிறுத்திச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பார்க்க இடம் தருவதால், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. இவற்றை வாங்கலாமா என்று கேட்பவருக்கு என் முதல் பதில் அதுதான்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் பார்த்தால் பாதிச் சுவை போய்விடும். ரைனிகர் உருவங்களைக் கருப்பு அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். தலை, கழுத்து, மேல்கை, முன்கை, உள்ளங்கை, இடுப்பு, தொடை, கால் என்று தனித்தனித் துண்டுகளாக வெட்டி, மூட்டுகளை மெல்லிய கம்பியால் கோத்தார். தேவைப்பட்ட இடங்களில் ஈயத் தகட்டைச் சேர்த்து, உருவம் தட்டையாகப் படிந்து கிடக்கும்படி செய்தார். மேலே கண்ணாடி பதித்த மேசை, கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம், தலைக்கு மேலே கீழ்நோக்கிய கேமரா. உருவத்தைக் கண்ணாடியின் மேல் படுக்கவைத்து, கையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மேலும் சிறிது நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் என்று வைத்துக்கொண்டால், 65 நிமிடப் படத்துக்கு 93,600 முறை இந்த வேலை நடக்க வேண்டும். பின்னணிக் காட்சிகளை ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களை அடுக்கி அமைத்தார்கள். தாள் கூடக்கூட இடம் இருளும், குறையக்குறைய வெளிச்சம் வரும். அஹமத் படத்தில் இந்தக் கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு வைத்து, முன்னும் பின்னும் ஆழம் தோன்றச் செய்திருக்கிறார்கள்; டிஸ்னி நிறுவனத்தின் பல தளக் கேமரா வந்தது இதற்கு ஒரு பத்தாண்டு கழித்துத்தான்.

நிழல் என்றதும் நம்மில் பலருக்குத் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வரும்; எனக்கும் வந்தது. ஆனால் நம் பாவைகள் ஒளி ஊடுருவும் தோலில் வண்ணம் தீட்டியவை, பார்ப்பவர் கண்முன்னே அந்த நேரத்தில் ஆட்டப்படுபவை. ரைனிகரின் உருவங்கள் ஒளியை முழுதும் மறைக்கும் அட்டைத் துண்டுகள், படம் எடுக்கப்படும் கணத்தில் அசையாமல் கிடப்பவை. அவருடைய கலைக்கு நெருங்கிய உறவு, ஐரோப்பிய வீடுகளில் கத்தரிக்கோலால் தாளை வெட்டி முகச்சாயல் எடுக்கும் பழைய கைவேலைதான். பெர்லினின் சார்லோட்டன்பர்க் பகுதியில் 1899 ஜூன் 2 அன்று பிறந்த அவர் சிறுமியாக இருக்கும்போதே அதில் கைதேர்ந்தவராக இருந்தார். வீட்டில் சொந்தமாக நிழல் நாடக அரங்கு வைத்து நடத்தினார்.

அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, அந்தக் கத்தரிக்கோல்தான் ஒவ்வொரு வாசலையும் திறந்துவிட்டது என்று தெரிகிறது. நடிகரும் இயக்குநருமான பாவ்ல் வேகெனர் 1915-இல் தந்திரக் காட்சிகளின் எதிர்காலம் பற்றி ஆற்றிய உரை ஒன்றைக் கேட்டு, அவரை எப்படியாவது அணுக வேண்டும் என்ற எண்ணத்தில், அவர் நடித்துவந்த மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் கூடத்தைச் சேர்ந்த பள்ளியில் சேர்ந்தார். மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, நடிகர்களின் தோற்றங்களைத் தாளில் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணை வேகெனர் கவனித்து, தம் படங்களின் தலைப்பு அட்டைகளுக்கு நிழலுருக்கள் செய்யச் சொன்னார். பின்னர் 1918-இல் ஹாமலின் குழலூதியின் கதையைப் படமாக்கியபோது, உயிருள்ள எலிகள் சொன்னபடி நடக்க மறுத்துவிடவே, மரத்தில் செய்த எலிகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுக்கும் வேலை ரைனிகரிடம் வந்தது. வேகெனரின் பரிந்துரையால், பெர்லினில் புதிதாகத் தொடங்கியிருந்த பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைத்து, 1919-இல் தம் முதல் குறும்படத்தை எடுத்தார். அங்கேதான் கார்ல் கோஹைச் சந்தித்தார். 1921-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். அதன்பின் கோஹ் இறக்கும்வரை, அவருடைய படங்களில் கேமராவையும் தயாரிப்புப் பொறுப்பையும் பெரும்பாலும் கவனித்தவர் கணவரே. இந்த இடத்தில் ஒரு சிறு முறையீடு: பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுவோர் கணவரின் உதவியைப் பெரிதாக்குவதும், அல்லது அதை வேண்டுமென்றே மறைப்பதும் வழக்கமாகிவிட்டது. இங்கே இரண்டுமே தேவையில்லை. இயக்குநர் அவர், கேமராவுக்குப் பின்னால் நின்றவர் இவர், படத்தின் தலைப்பு அட்டைகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

இனி அஹமத் வட்டு. இந்தப் படம் பிறந்ததற்குக் காரணம் பணவீக்கம் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1923-இல் ஜெர்மனியின் மார்க் நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்தபோது, லூயி ஹாகென் என்ற வங்கியாளர், காகிதப் பணத்தைக் கையில் வைத்திருப்பதைவிடப் பொருளாக வைத்திருப்பது மேல் என்று கருதி, படச்சுருளை நிறைய வாங்கிப் போட்டிருந்தார். அந்தச் சுருளைக்கொண்டு முழுநீளப் படம் ஒன்றை எடுக்க முடியுமா என்று ரைனிகரிடம் கேட்டவர் அவரே. போட்ஸ்டாமில் இருந்த தம் வீட்டு வண்டிக் கொட்டகையின் மாடியை அவர் வேலைக்கூடமாக ஒதுக்கித் தந்தார். இருபத்து நான்கு வயதுப் பெண், கணவர், வால்டர் ருட்மான், பெர்டோல்ட் பார்டோஷ், இன்னும் இரண்டு உதவியாளர்கள்: 1923 முதல் 1926 வரை அந்த மாடியில் நடந்ததுதான் இந்தப் படம். ருட்மான் அப்போதே அருவப் படங்களுக்காகப் பெயர்பெற்றவர். மந்திரக் காட்சிகளில் புகைபோலவும் நெருப்புபோலவும் நெளியும் வடிவங்கள் அவர் கைவண்ணம். இந்தத் தேவதைக் கதைக்கும் 1923-ஆம் ஆண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவர் ரைனிகரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். தெருவில் பசியும் கலவரமும் இருந்த காலத்தில் கேட்கத் தகுந்த கேள்விதான். படத்தைப் பார்த்த பிறகும் அதற்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. கிடைக்காததால் படத்தின்மேல் எனக்குக் குறையும் தோன்றவில்லை.

கதை ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து எடுத்துப் பின்னப்பட்டது. மந்திரவாதி ஒருவன் பறக்கும் குதிரையைக் கலீஃபாவிடம் கொண்டுவருகிறான். அதற்கு விலையாக இளவரசி தினார்ஸாதைக் கேட்கிறான். அவளுடைய அண்ணன் அஹமத் குதிரையில் ஏறி, மேலே போகத் தெரிந்து கீழே இறங்கத் தெரியாமல் விண்ணில் போய், வாக்வாக் தீவில் பாரி பானுவைக் காண்கிறான். பின்னர் சீனா, தீமலைச் சூனியக்காரி, அலாவுதீனின் விளக்கு, பேய்களோடு போர் என்று ஐந்து அங்கங்களில் கதை ஓடுகிறது. கதை நெருக்கமாகப் பின்னப்பட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காம் அங்கத்தில் அலாவுதீன் தன் முன்கதையைச் சொல்லத் தொடங்கும்போது வேகம் சற்றே குறைகிறது. ஆனால் சூனியக்காரியும் மந்திரவாதியும் உருமாறி உருமாறிச் சண்டையிடும் காட்சியை நான் ஐந்து முறையாவது திருப்பிப் பார்த்திருப்பேன். சிங்கம், பாம்பு, தேள், சேவல் என்று ஒவ்வோர் உருவும் அடுத்த உருவுக்குள் நெளிந்து கரையும்போது, எந்தச் சட்டகத்தில் மாற்றம் நடக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றேன்.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது சின்ன அசைவுகள். இந்த உருவங்களுக்குக் கண் இல்லை, முகபாவம் இல்லை, பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றம் மட்டுமே. நடிப்பு முழுவதும் கழுத்திலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் நடக்கிறது. குளத்தில் நீராடிவிட்டுக் கரையேறிய பாரி பானு தன் சிறகாடையைக் காணாமல் திகைக்கும் இடத்தில், அவள் உடல் முதலில் நிற்கிறது, பிறகு தலை திரும்புகிறது, கடைசியில்தான் கைகள் உயர்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்திருந்தால் அது பொம்மை. ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் அது ஆள். நடன மேடையை நன்கு அறிந்தவர் வெட்டிய உருவங்கள் இவை என்று அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. மந்திரவாதியின் விரல்கள் சிலந்திக் கால்கள்போல நீண்டு, அவன் ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதும் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

குறையையும் சொல்ல வேண்டும். படம் அந்த மந்திரவாதியை 'ஆப்பிரிக்க மந்திரவாதி' என்றே அழைக்கிறது. அவனுடைய உருவத்திலும், சீனக் காட்சிகளில் வரும் சில உருவங்களிலும், அக்கால ஐரோப்பா பிற நாட்டாரைப் பற்றி வரைந்துவைத்திருந்த கேலிச்சித்திரம் அப்படியே இருக்கிறது. நிழலுரு என்பது புறக்கோட்டை மட்டுமே நம்பும் கலை. அதனால் மூக்கையும் உதட்டையும் முதுகையும் மிகைப்படுத்தி வெட்டுவது அதற்கு எளிய வழியாகிவிடுகிறது. குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பவர்கள் அந்த இடங்களில் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

படத்தின் மூல நெகடிவ் போரின்போது அழிந்துவிட்டது. இப்போது நாம் பார்ப்பது, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் தப்பிக் கிடந்த, வண்ணச் சாயமேற்றிய நைட்ரேட் (பழைய வகைப் படச்சுருள்) பிரதியை அடிப்படையாகக் கொண்டு, பிராங்பேர்ட்டில் உள்ள ஜெர்மன் திரைப்பட அருங்காட்சியகமும் பொலோனியாவில் உள்ள செப்பனிடும் கூடமும் 1990-களின் இறுதியில் மீட்டெடுத்த வடிவம். வண்ணம் இல்லாத பழைய பிரதிகளை இணையத்தில் முன்பு பார்த்திருந்த எனக்கு, இரவுக்கு நீலமும் அரண்மனைக்கு மஞ்சளும் தீமலைக்குச் சிவப்புமாகக் காட்சிகள் மாறியபோதுதான், இந்தப் படத்தைக் 'கருப்பு வெள்ளைப் படம்' என்று அழைப்பது தவறு என்று புரிந்தது. வோல்ஃப்காங் செல்லர் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசையைப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள். இசையும் அசைவும் எவ்வளவு நெருங்கிச் செல்கின்றன என்பதை ஊர்வலக் காட்சிகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் கதைசொல்லும் குரலோடு பார்க்கவும் வழி இருக்கிறது. நான் ஒரு முறை அதைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். ஜெர்மன் தலைப்பு அட்டைகளும் ஆங்கிலத் துணைத்தலைப்பும் போதும்.

1926 மே 2 அன்று பெர்லினின் ஃபோல்க்ஸ்பூனெ அரங்கில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. வழக்கமான திரையரங்குகள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. பாரிசில் ழான் ரெனுவார் போன்றவர்கள் கொண்டாடிய பிறகுதான் நிலைமை மாறியது. ரெனுவாருடன் ரைனிகர் தம்பதியருக்கு ஏற்பட்ட நட்பு நீடித்தது. அவருடைய 'லா மார்செய்யேஸ்' படத்தில் வரும் நிழல் நாடகக் காட்சி ரைனிகர் செய்ததுதான்.

இரட்டை வட்டுத் தொகுப்புக்கு வந்தால், அதை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1922-ஆம் ஆண்டு 'சிண்ட்ரெல்லா'. ஒரு கத்தரிக்கோல் திரையில் வந்து, கருப்புத் தாளிலிருந்து கதாநாயகியை வெட்டி எடுப்பதோடு படம் தொடங்குகிறது. செருப்பு பொருந்துவதற்காக அக்காள் தன் காலையே வெட்டிக்கொள்ளும் கிரிம் கதையின் கொடுமையை இந்தப் படம் மறைக்கவில்லை. பார்க்கையில் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் குலைநடுக்கமும் வந்தது. பிறகு அவரே 1954-இல் எடுத்த 'சிண்ட்ரெல்லா'வைப் பார்த்தால் முப்பத்திரண்டு ஆண்டுகளின் வேறுபாடு கண்ணில் படும். உருவங்கள் இன்னும் நுட்பமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆடையின் விளிம்பில் சரிகைபோலத் துளைகள் இட்டு வெளிச்சத்தை விளையாடவிட்டிருக்கிறார். ஆனால் கதை மென்மையாகிவிட்டது, ஆங்கிலக் குரல் ஒன்று நாம் கண்ணால் பார்ப்பதையே காதிலும் ஓதிக்கொண்டிருக்கிறது. கை முன்னேறியிருக்கிறது, துணிச்சல் சற்றே பின்வாங்கியிருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு இடைப்பட்ட ஆண்டுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். பேசும்படம் வந்ததும் அவர் ஈடுபட்ட 'இன்பத்தைத் தேடி' என்ற முயற்சி 1930-இல் தோற்றது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு, இடதுசாரி நண்பர்கள் சூழ வாழ்ந்த இருவரும் 1930-களின் நடுவில் ஜெர்மனியை விட்டு வெளியேறினர். ஆனால் எந்த நாடும் நிலையாகத் தங்க அனுமதி தரவில்லை. விசா உள்ளவரை பிரிட்டனில், பிறகு பிரான்சில், பின்னர் இத்தாலியில் என்று இடம் மாறிக்கொண்டே, கிடைத்த இடத்தில் மேசையை விரித்து வேலை செய்தார்கள். லண்டனில் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவுக்காக அவர் எடுத்த சேமிப்பு வங்கி விளம்பரம்கூட ஒரு தேவதைக் கதைதான். மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசையில் 'பாப்பகேனோ' எடுத்ததும் 1935-இல்தான்; பத்து நிமிடம் ஓடும் அந்தப் படத்தை நான் அஹமதுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். பறவை பிடிப்பவனின் கால்கள் இசையின் தாளத்தைவிட ஒரு மயிரிழை முந்தியே நகர்வதுபோல இருக்கும். போர் முற்றிய காலத்தில், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்வதற்காக பெர்லினுக்கே திரும்பி, 1944-இல் 'பொன் வாத்து' படத்தில் வேலை செய்தார். தொகுப்பில் அதைப் பார்க்கும்போது, குண்டுகள் விழும் நகரத்தில் இவ்வளவு நகைச்சுவையாக ஓர் ஊரே ஒரு வாத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதை எப்படி வெட்டினார் என்று தோன்றியது.

1949-இல் இருவரும் லண்டனில் குடியேறினர். 1953-இல் அவர்களோடு சேர்ந்து ப்ரிம்ரோஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர் வேறு யாருமல்லர், போட்ஸ்டாம் வங்கியாளரின் மகன் லூயி ஹாகென். தன் வீட்டு மாடியில் அஹமத் படம் உருவானபோது அவர் சிறுவன். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் பதின்வயதிலேயே நாஜி வதைமுகாமில் அடைக்கப்பட்டு, பிரிட்டனுக்குத் தப்பி, நெதர்லாந்தில் நடந்த ஆர்ன்ஹெம் போரில் கிளைடர் விமானியாகப் போரிட்டவர். தந்தை தந்த படச்சுருளில் தொடங்கிய தொழில், மகன் தந்த முதலீட்டில் மறுபடி எழுந்ததை எண்ணிப் பார்த்துக்கொண்டே இந்தத் தொகுப்பின் பெரும்பகுதியைப் பார்த்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியை மனத்தில் வைத்து, 1953 முதல் 1955 வரையிலான குறுகிய காலத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட படங்களை அவர்கள் எடுத்துத் தள்ளினார்கள். 'துணிச்சலான சின்னத் தையல்காரன்' 1955-இல் வெனிஸ் விழாவில் வெள்ளி டால்பின் விருது பெற்றது. அது உண்மையிலேயே நல்ல படம். 'ஜாக்கும் அவரைக்கொடியும்' வண்ணப் பின்னணியோடு இருக்கிறது. ஆனால் வண்ணம் வந்ததும் நிழலுருவின் கூர்மை மங்குவதாகவே எனக்குத் தோன்றியது. மற்றவற்றில் சில அவசரத்தில் எடுத்தவை என்று தெரிகின்றன. ஒரே அரண்மனை, ஒரே காடு, ஒரே இளவரசன் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஓர் இரவில் நான்கு படங்களுக்கு மேல் பார்த்தால் சலிப்புத் தட்டிவிடும். எனக்குத் தட்டியது.

1963-இல் கோஹ் இறந்தபின் ரைனிகர் நீண்ட காலம் ஏறத்தாழப் படமே எடுக்கவில்லை. ஜான் ஐசக்ஸ் 1970-இல் எடுத்த 'லோட்டே ரைனிகரின் கலை' என்ற குறும்படத்தில், எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் பாப்பகேனோவின் உருவத்தை எந்தக் கோடும் வரைந்துகொள்ளாமல் நேரடியாக வெட்டுவதைக் காணலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: அவர் கத்தரிக்கோலை அசைப்பதைவிடத் தாளைத்தான் அதிகம் திருப்புகிறார். இந்தப் படத்தைத் தவறவிட்டால் மற்ற எல்லாப் படங்களும் மாயமாகவே நின்றுவிடும். மேற்கு ஜெர்மனி அவரை மறுபடி கண்டுகொண்டு 1972-இல் திரைப்படத் தங்கப் பட்டை விருது அளித்தது. 1975-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக மீண்டும் மேசைக்குத் திரும்பினார். ட்யூபிங்கன் நகருக்கு அருகே டெட்டன்ஹவுசனில் 1981 ஜூன் 19 அன்று காலமானார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பிரிட்டனில் வெளியாகும் டிவிடிகள் பொதுவாக இரண்டாம் மண்டலக் குறியீடு கொண்டவை. இந்தியாவில் விற்கும் இயக்கிகள் ஐந்தாம் மண்டலத்தைச் சேர்ந்தவை. எல்லா மண்டலத்தையும் ஏற்கும் இயக்கியோ, கணினியில் அதற்கான வசதியோ இல்லாமல் வாங்கினால் வட்டு பேழையிலேயே உறங்கும். எனக்கு விற்ற இணைய வியாபாரி வட்டுகளை வெறும் தாள் உறையில் அனுப்பியிருந்ததால் ஒரு பேழை நடுவில் பிளந்து வந்தது; வட்டுக்குக் கீறல் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். தொலைக்காட்சியின் வெளிச்சத்தை மிகவும் கூட்டி வைத்துப் பார்த்தால், கருப்பு உருவத்தின் ஓரங்கள் சாம்பல் நிறமாகி, கைவிரல்களின் நுனி பின்னணியில் கலந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அஹமத் வட்டை வாங்கலாம். இரண்டையும் வாங்குபவர்கள் 1922 'சிண்ட்ரெல்லா'வில் தொடங்கி, மறுநாள் அஹமதைக் குரலில்லாமல் முழுதாகப் பார்த்துவிட்டு, தேவதைக் கதைகளை இரவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுச் சிறுமி மூன்றாம் இரவே பழைய காலண்டர் அட்டையில் ஒரு சேவலை வெட்டிக்கொண்டு வந்தாள். கழுத்துக்கும் உடலுக்கும் நடுவில் கம்பி வேண்டும் என்று கேட்டாள்.